1.1 மைல் வட்டப்பாதைக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு? (நெவாடா, வேலி ஆஃப் ஃபயர், வைட் டோம்ஸ்)

செந்தூல்வாசி · 18 ஜனவரி, இரவு 9.12

மே கடைசி பள்ளி விடுமுறையில குடும்பத்தோட லாஸ் வேகஸ் போறோம். ஒரு நாள் வேலி ஆஃப் ஃபயர் பூங்காவுக்குப் போய் வைட் டோம்ஸ் வட்டப்பாதையை நடக்கலாம்னு திட்டம். மொத்தமே 1.1 மைல், அதாவது 1.8 கி.மீ. இங்க கோலாலம்பூர் பக்கத்துல புக்கிட் காசிங் காட்டுக்குன்றுல வேரும் சேறும் மிதிச்சு இதைவிட ரெண்டு மூணு மடங்கு சாதாரணமா நடக்கிறோம். ஆனா படிக்கிற இடத்துல எல்லாம் தண்ணி, தொப்பி, சப்பாத்து, அவசர மருந்துன்னு நீளமா பட்டியல் போடுறாங்க. பசியாறிட்டு, ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணியோட பத்து மணிக்குக் கிளம்பினா போதும்ங்கிறது என் கருத்து. இல்லைன்னா ஏன்னு சொல்லுங்க.

காசிங் நடையர் · 18 ஜனவரி, இரவு 10.05

மே கடைசியில் அந்தப் பாதையே திறந்திருக்காது. அண்மை ஆண்டுகளாக மே 15 முதல் செப்டம்பர் 30 வரை வைட் டோம்ஸ், ஃபயர் வேவ், செவன் வொண்டர்ஸ் உள்ளிட்ட பல பாதைகளை வெயிலுக்காக மூடிவிடுகிறார்கள். கோடையில் 38 டிகிரி தாண்டுவது அங்கே அன்றாடம், 49 வரைகூடப் போகும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மார்ச் பெருநாள் விடுமுறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அந்த மாதக் கடைசியில் பகல் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும். நடக்க அதைவிட நல்ல பருவம் கிடையாது.

காசிங் நடையர் · 18 ஜனவரி, இரவு 10.48

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தூரத்தை வைத்து அந்தப் பாதையை அளந்தால் கணக்கு தப்பும். காசிங்கில் கால் மணி நேரம் ஏறினாலே சட்டை நனைந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்று கண்ணுக்கே தெரியும், தாகமும் எடுக்கும். நம் காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காடு அளவில் இருக்கும். வேலி ஆஃப் ஃபயர் இருக்கும் மொஹாவே பாலைவனத்தில் பகலில் பெரும்பாலும் 20 விழுக்காடோ அதற்கும் கீழோதான். வேர்வை சுரந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது, நெற்றியில் துளிகூட நிற்காது. "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று நினைத்துக்கொண்டே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் இழந்துகொண்டிருப்பீர்கள். மலேசியாவில் நடந்து பழகியவருக்கு உடம்பு காட்டும் அடையாளம் எல்லாம் ஈரத்தை நம்பியது. அங்கே அது வேலை செய்யாது.

அதனால் தாகத்தைப் பார்த்துக் குடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு குவளை அளவு. அணிந்திருக்கும் கறுப்புச் சட்டையில் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால் ஏற்கெனவே நிறைய போய்விட்டது என்று பொருள்.

பட்டர்வொர்த் அக்கா · 19 ஜனவரி, காலை 7.20

அதிகமாக் குடிக்கிறதும் ஆபத்துதான், அதையும் சேர்த்துச் சொல்லணும். மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல போகக்கூடாது. வெறும் தண்ணியை மடமடன்னு ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். பார்க்கிறவங்க வெயில் மயக்கம்னு நினைச்சு இன்னும் தண்ணி குடுப்பாங்க, நிலைமை மோசமாகும்.

ஒரு மணி நேர நடைக்கு உப்பு தனியா வேணாம், இடையில எதாவது கொறிச்சா போதும். உப்புக்கடலை, முறுக்கு நல்லாவே வேலை செய்யும். அதே நாள்ல ரெண்டு மூணு பாதை நடக்கிறதா இருந்தா இங்க மருந்துக் கடையில விக்கிற ஓ.ஆர்.எஸ். (நீரிழப்புக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனித் தூள்) பாக்கெட் நாலு எடுத்துட்டுப் போங்க. பாக்கெட்ல எவ்வளவு தண்ணி போட்டிருக்கோ அதே அளவுல கரைக்கணும், கூட்டிக் குறைக்கக் கூடாது. பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணி, தட்டையா அளந்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கையால அள்ளிப் போடாதீங்க. உப்பு கூடினா வாந்தி எடுக்க வைக்கும்.

சாப்பாட்டுச் சாமான் எதைக் கொண்டு போனாலும் அமெரிக்கச் சுங்கத்துல அறிவிக்கணும். முறுக்கு, கடலை மாதிரி மூடிய பாக்கெட்டா இருந்தா பெரும்பாலும் விட்டுடுவாங்க. இறைச்சி, பழம் வேணாம்.

செந்தூல்வாசி · 19 ஜனவரி, மதியம் 1.30

நல்ல வேளை, சீட்டு இன்னும் எடுக்கலை. மார்ச்சுக்கே மாத்திட்டோம். அப்போ ஆளுக்கு எவ்வளவு தண்ணி? ஒரே எண்ணாச் சொல்லுங்க.

காசிங் நடையர் · 19 ஜனவரி, மாலை 6.15

மார்ச்சில் அந்த நடைக்கு மட்டும் ஆளுக்கு 1 லிட்டர் தோளில் இருக்க வேண்டும். வண்டியில் ஆளுக்கு இன்னும் 3 லிட்டர். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், லாஸ் வேகஸிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். பூங்கா அங்கிருந்து சுமார் 80 கி.மீ. ஐ-15 நெடுஞ்சாலையில் 75ஆம் வெளிவழியில் திரும்பினால் அதற்குப் பிறகு கடை கண்ணி எதுவும் கிடையாது.

வண்டியில் வைக்கும் தண்ணீர்தான் உண்மையான காப்பு. சக்கரம் மணலில் புதைந்தாலும், சாவி தொலைந்தாலும், மின்கலம் செத்தாலும் அதுதான் கைகொடுக்கும். பூங்காவின் பல பகுதிகளில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது.

பாறை ரசிகர், பினாங்கு · 20 ஜனவரி, இரவு 11.02

தண்ணீர் பேச்சு நடக்கட்டும். நான் பாறைப் பக்கம் போகிறேன், ஏனென்றால் கால் வைக்கும் முறையே அதைப் பொறுத்துத்தான்.

நம் ஊர் ஆட்கள் பத்துமலை, ஈப்போ குன்றுகளைப் பார்த்துப் பழகியவர்கள். அவை சுண்ணாம்புக்கல். புக்கிட் தாபூர் குவார்ட்ஸ். பினாங்குக் கொடிமலை கருங்கல். இந்த மூன்றும் மழையில் வழுக்குமே தவிர வலு குறையாது. வேலி ஆஃப் ஃபயரில் இருப்பது ஆஸ்டெக் மணற்கல். ஜுராசிக் காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை, வயது 15 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. பாறை முகத்தில் சாய்வாக ஓடும் வரிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு தொகுதி வரியும் ஒரு பழைய மணல்மேட்டின் சரிவு. ஒரு தொகுதி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அதற்கு மேல் இன்னொன்று வேறு கோணத்தில் வெட்டிப் போகும். காற்று திசை மாறியதும் மேடுகள் நகர்ந்ததும் அப்படியே பதிந்திருக்கிறது.

சிவப்பு நிறம் மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் பூசினாற்போல் படிந்த இரும்பு ஆக்சைடு. வைட் டோம்ஸில் வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஏன் என்றால், பிற்காலத்தில் பாறைக்குள் ஊடுருவிய நீர் இரும்பைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. கரைத்த இரும்பு இன்னோர் இடத்தில் படிந்து பழுப்புக் கோடுகளாக நிற்கும். அதனால்தான் ஒரே பாறையில் ஒரு சாண் தூரத்துக்குள் மூன்று நிறம் பார்க்கலாம்.

இனி நடைக்கு வேண்டியது. மணல்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை அவ்வளவு கெட்டியில்லை. மழை ஊறினால் இன்னும் இளகும். காய்ந்த நாளில் உங்கள் எடையைத் தாங்கிய விளிம்பு, நனைந்த மறுநாள் பொட்டென்று உடையும். லாஸ் வேகஸ் பாறையேறிகள் மழைக்குப் பிறகு ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை மணற்கல்லைத் தொடமாட்டார்கள். மேல்பரப்பு காய்ந்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே ஈரம் இருக்கும். பாறையடி மணலைக் கையால் தோண்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பாதையோடு நில்லுங்கள், பாறைமேல் ஏறவேண்டாம்.

காசிங் நடையர் · 21 ஜனவரி, காலை 6.50

பாறை ரசிகர் சொன்னதோடு கால் வைப்பதைச் சேர்க்கிறேன். காய்ந்த மணற்கல் உப்புத்தாள் போலப் பிடிக்கும் என்று படித்திருப்பீர்கள். சுத்தமான பாறைக்கு அது சரி. ஆனால் உதிர்ந்த மணல் ஒரு மெல்லிய படலமாக மேலே கிடந்தால் அந்தப் பிடி போய்விடும். சறுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் செங்குத்தான இடத்தில் விழுவதில்லை, இப்படி மணல் சிதறிய சாதாரணச் சரிவில்தான் விழுகிறார்கள்.

ஏறும்போது குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்காமல் முழுப் பாதமும் பாறையில் படியவேண்டும். அடிப்பாகம் எவ்வளவு படிகிறதோ அவ்வளவு பிடி. இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்வோம், அதனால்தான் கால் முன்னே ஓடுகிறது. முழங்காலை மடக்கி, உடம்பின் எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கும்படி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். மணல் கிடந்தால் சப்பாத்தால் ஒரு தடவை தேய்த்துத் தள்ளிவிட்டு மிதியுங்கள்.

இன்னொன்று, நம் காட்டில் வேரையும் மரத்தையும் பிடித்து ஏறும் பழக்கம். அங்கே பிடிக்க மரம் இல்லை என்றதும் கை தானாகப் பாறைத் தகட்டைத் தேடும். பிடிப்பதற்கு முன் உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தால் அந்தத் தகடு கையோடு வந்துவிடும். பார்வை எட்டாத இடுக்கில் கை விடவே கூடாது. அங்கே பாம்பும் தேளும் உண்டு.

செந்தூல்வாசி · 21 ஜனவரி, இரவு 8.40

சப்பாத்து? எங்கிட்ட கம்போங் ரப்பர் சப்பாத்து இருக்கு. சேத்துல, அட்டைக்காட்டுல அதுக்கு ஈடே இல்லை. மனைவியோட ஹைக்கிங் பூட்ஸ் பெட்டியில புதுசா இருக்கு, நாலஞ்சு வருஷம் முன்னாடி வாங்கினது, அதிகம் போடலை.

காசிங் நடையர் · 21 ஜனவரி, இரவு 9.55

கம்போங் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சேற்றுக்காகவே பிறந்தது அது. அடிப்பாகம் மெல்லிசு, கல் முனை ஒவ்வொன்றும் பாதத்தில் குத்தும். காற்றுப் போகாது, மணல் உள்ளே போனால் வேர்வையோடு சேர்ந்து தோலை உரசிக் கொப்புளமாக்கும். அந்தப் பாதையில் ஆரம்பமே மணலில் இறக்கம் என்பதை மறக்காதீர்கள். மேல்பக்கம் வலைத்துணியாக உள்ள ஓட்டச் சப்பாத்திலும் நைஸ் மணல் புகும். கணுக்காலுக்கு மேல் வரும் காலுறை போட்டு, சப்பாத்து வாய்க்கும் காலுக்கும் இடையில் சந்து இல்லாமல் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

எனக்குக் கவலை அந்தப் பெட்டியில் உள்ள பூட்ஸ்தான். பல பூட்ஸின் நடுத்தளம் பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் வேகம். போடாமல் பெட்டியில் வைத்தால் நன்றாக இருக்கும் என்பது நேர்மாறு. போட்டு நடந்தால் உள்ளே ஊறிய ஈரம் மிதிபட்டு வெளியேறும். சும்மா கிடந்தால் ஈரம் தங்கிப்போகும். வெளியே தோல் பளபளவென்று இருக்கும், பாதி வழியில் அடித்தளம் முழுசாகப் பெயர்ந்து விழும். உள்ளே பார்த்தால் நடுத்தளம் பழைய பிஸ்கட்டாகப் பொடிந்திருக்கும்.

சோதிக்கும் முறை: அடித்தளத்துக்கும் தோலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். அமுங்கித் திரும்ப எழும்பினால் சரி. நகம் பதிந்தபடி நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ தூக்கி எறியுங்கள். பிறகு முன்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாக வளைத்து, பட்டையில் மயிரிழை விரிசல் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டிலும் தேறினால்கூடப் பெட்டி கட்டுவதற்கு முன் காசிங்கில் ஒரு மணி நேரமாவது போட்டு நடக்கவேண்டும். பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். தளம் பிரிந்தால் பசை உதவும், நுரையே பொடிந்தால் ஒட்டுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

பட்டர்வொர்த் அக்கா · 22 ஜனவரி, காலை 7.05

பூட்ஸ் விஷயத்தை எல்லாரும் படிக்கணும். ஈ.வி.ஏ.ங்கிற வேற வகை நுரை போட்டதுக்கு இந்தப் பொடியிற நோய் இல்லை, ஆனா ஒட்டியிருக்கிற பசை விடும். அதையும் வளைச்சுப் பாருங்க.

பாறை ரசிகர், பினாங்கு · 25 ஜனவரி, மாலை 4.30

பாதையின் போக்கை யாரும் எழுதவில்லையே. பார்வையாளர் மையத்திலிருந்து வடக்கே போகும் சாலையின் கடைசி முனை வரை ஓட்டுங்கள். வண்டி நிறுத்துமிடம், நிழற்கூரை போட்ட மேசைகள், கழிப்பறை எல்லாம் அங்கே உண்டு. பாதை இரண்டு வெள்ளைக் குவிமாடங்களுக்கு நடுவே தெற்காக இறங்கும். முதலில் மணல், பிறகு கரடுமுரடான கற்படி. முழு வட்டத்திலும் ஏற்ற இறக்கம் சுமார் 50 மீட்டர்தான். கீழே சமதளத்தில் ஒரு கல்சுவரின் மிச்சம் நிற்கும். 1966இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காகக் கட்டிய செட்.

அந்தச் சுவரைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பவேண்டும். நேரே வடிநிலத்து மணலில் காலடித் தடம் நிறைய தெரியும், அது உங்களை இழுக்கும். போகாதீர்கள். வலது பக்கம் திரும்பினால் பாறைப் பிளவு தொடங்கும். கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடும் அளவுக்குச் சில இடம் குறுகும். சில நிமிடத்தில் கடந்துவிடலாம், ஆனால் கடந்துவிடாதீர்கள். வழவழப்பாக வளைந்த அடிச்சுவரைப் பாருங்கள். தண்ணீரோடு உருண்டு வந்த மணலும் கல்லும் தேய்த்த வேலை அது. மேலே, வெள்ளம் எட்டாத உயரத்தில், தேன்கூட்டுக் குழிகள் இருக்கும். உப்பு பாறைத் துளைகளில் படிகமாகி வளரும்போது துகளை நெம்பித் தள்ளியதால் வந்த குழிகள்.

பிளவைவிட்டு வெளியே வந்ததும் மறுபடி வலப்பக்கம். அங்கிருந்து பாறையும் மணலுமாக வடக்கே ஏறி, வழியில் ஒரு சின்ன வளைவுப் பாலத்தைக் காட்டி, சாலையை ஒட்டி நிறுத்துமிடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். மொத்தத்தில் முக்கியத் திருப்பம் எல்லாமே வலப்பக்கம்தான். நம் காட்டில் கிளையில் கட்டிய நாடாவைத் தேடும் கண்ணுக்கு இங்கே நாடா கிடைக்காது. ஊன்றிய கம்பும் அடுக்கிய கல்லும்தான். யாரோ விளையாட்டுக்கு அடுக்கிய கல்லும் அதில் கலந்திருக்கும், அதனால் கல்லை மட்டும் நம்பாமல் திசையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி · 26 ஜனவரி, இரவு 10.10

பாறைப் பிளவுல திடீர் வெள்ளம் வரும்னு சொல்றாங்களே. வருஷத்துக்கே 100 மி.மீ. மழைதானாம். கே.எல்.ல ஒரு மாசத்துல அதைவிடக் கூடப் பெய்யுது. பயப்பட என்ன இருக்கு?

காசிங் நடையர் · 27 ஜனவரி, காலை 6.30

மழை குறைவு என்பதாலேயே பயப்படவேண்டும். நம் மண்ணில் காடு, வேர், இலைச்சருகு எல்லாம் மழையைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அங்கே மொட்டைப் பாறையும் இறுகிய தரையும். பெய்ததில் பெரும்பகுதி அந்த நிமிடமே ஓடத் தொடங்கி, பக்கத்தில் எது பள்ளமோ அங்கே சேரும். அந்தப் பாதையில் பள்ளம் என்றால் பிளவுதான்.

நம் ஊர் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், தெரியும். தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். கவனமாக இருப்பவருக்குச் சில நிமிடமாவது கிடைக்கும். காய்ந்த பிளவில் கலங்குவதற்குத் தண்ணீரே இல்லை. உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே மேட்டுப் பக்கம் பெய்த மழை வந்து சேரலாம். உள்ளே நுழைந்தபின் பக்கவாட்டில் ஏறித் தப்பிக்கவும் வழியில்லை. அதனால் முடிவு வாசலுக்கு வெளியே எடுக்கவேண்டியது. காலையில் பார்வையாளர் மையத்தில் அன்றைய வானிலையைக் கேளுங்கள். சுற்றிலும் எங்கேனும் இடிமேகம் தெரிந்தால், சுவர் மிச்சம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிவிடுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா · 27 ஜனவரி, மதியம் 2.15

யாரும் எழுதாத சின்னச் சமாச்சாரங்கள்.

சீப்பு ஒண்ணு, நல்ல இடுக்கி ஒண்ணு. சோயா (cholla) கள்ளின்னு ஒரு கள்ளி அங்க நிறைய. லேசா உரசினாலே துண்டோட கழண்டு ஒட்டிக்கும். முள்ளுக்கு பின்பக்கமாத் திரும்பின நுண்ணிய கொக்கி இருக்கு. கையால பிடுங்கப் போனா விரல்லயும் ஏறும். தோலுக்கும் கள்ளித் துண்டுக்கும் நடுவுல சீப்பை நுழைச்சு, வெளிப்பக்கமா ஒரே வெட்டுல தள்ளணும். அப்புறம் மிச்ச முள்ளை இடுக்கியால ஒவ்வொண்ணா, ஏறின கோணத்துலேயே வெளிய இழுக்கணும். பிள்ளைங்க இருக்கிற குடும்பத்துக்கு இது முக்கியம்.

உதட்டுக்கு மெழுகு, மூக்குக்கு உப்புநீர்த் துளி. நம்ம ஆளுங்களுக்கு ரெண்டாம் நாளே மூக்குக்குள்ள காய்ஞ்சு ரத்தம் கசியும். காண்டாக்ட் லென்ஸ் போடுறவங்க கண்ணாடிக்கு மாறிடுங்க.

இன்சுலின் போடுறவங்க அதை நிறுத்தின வண்டியில விட்டுட்டுப் போகாதீங்க. மார்ச்லயும் கண்ணாடி மூடின வண்டி உள்ள கொதிக்கும். சின்ன குளிர்ப்பையில போட்டுத் தோள்ல எடுத்துட்டுப் போங்க. நீர் போக வைக்கிற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே மருத்துவர்கிட்ட இந்தப் பயணத்தைச் சொல்லிடணும்.

செந்தூல்வாசி · 3 பிப்ரவரி, இரவு 9.00

தைப்பூச வேலையில ரெண்டு நாள் இந்தப் பக்கம் வரலை. மனைவி பூட்ஸை நகத்தால அழுத்திப் பார்த்தோம், பட்டை பொடியாக் கொட்டுச்சு. வேற வாங்கியாச்சு.

ரெண்டு கேள்வி. எத்தனை மணிக்குப் போறது? அப்படியே பிரைஸ் கேன்யனும் சேர்க்கலாமா?

காசிங் நடையர் · 3 பிப்ரவரி, இரவு 10.20

பத்து மணிக்கு நடையைத் தொடங்காதீர்கள், பத்து மணிக்கு முடியுங்கள். பூங்கா சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை திறந்திருக்கும். ஏழரைக்கு அங்கே இருந்தால் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும், பிளவுக்குள் ஆளும் குறைவு. நடை ஒரு மணி நேரம், நின்று பார்த்தால் ஒன்றரை. அப்புறம் வெயில் ஏறும்முன் ஃபயர் வேவ் போகலாம், போக வர 1.5 மைல், அதில் நிழல் சுத்தமாக இல்லை. நுழைவுக் கட்டணம் வண்டிக்கு: நெவாடா எண் பலகை என்றால் 10 டாலர், வெளிமாநிலம் என்றால் 15. இது மாநிலப் பூங்கா (நெவாடாவிலேயே முதலாவது, 1935), தேசியப் பூங்கா அட்டை இங்கே செல்லாது. டிரோன் பறக்கவிடக் கூடாது.

பாறை ரசிகர், பினாங்கு · 4 பிப்ரவரி, காலை 8.45

பிரைஸ் வேறு உலகம், ஒரே நாளில் சேர்க்காதீர்கள். லாஸ் வேகஸிலிருந்து நான்கு மணி நேர ஓட்டம், அது இருக்கும் யூட்டா மாநிலத்தில் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே போகும். விளிம்பு சுமார் 2,400 மீட்டர், நம் கெந்திங் மலையைவிட உயரம். மார்ச்சில் பனியும் ஐஸும் இருக்கும், சப்பாத்தில் மாட்டும் ஆணிச்சங்கிலி இல்லாமல் இறங்கக் கூடாது. பாறையும் மணற்கல் இல்லை. ஏரியடியில் படிந்த சுண்ணாம்புக்கல். பகலில் உருகிய தண்ணீர் விரிசலில் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்துகொண்டே இருப்பதால்தான் அந்தத் தூண்கள்.

அங்கேயும் அருமையான வட்டப்பாதை உண்டு. குயின்ஸ் கார்டனும் நவாஹோவும் சேர்ந்தது, 2.9 மைல். சன்ரைஸ் பாயின்டில் இறங்கி சன்செட் பாயின்டில் ஏறும்படி, கடிகாரச் சுற்றில் போகச் சொல்கிறது பூங்கா. குளிர்காலத்தில் நவாஹோ பாதையின் வால் ஸ்ட்ரீட் பக்கத்தை மூடிவிடுவார்கள். மார்ச்சில் அது திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

செலவையும் பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல் பிரைஸ், ஸையன், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, வழக்கமான கட்டணத்துக்கு மேல், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர். அவர்களுக்கான ஆண்டு அட்டை 250 டாலர். குடும்பமாக இரண்டு பூங்கா போவதென்றால் அட்டைதான் கட்டும். மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் மார்ச்சுக்கு வேலி ஆஃப் ஃபயர் ஒன்றே நிறைவு. பிரைஸுக்கு செப்டம்பர் கடைசியில் ஒரு தனிப் பயணம் போடலாம்.

செந்தூல்வாசி · 6 பிப்ரவரி, இரவு 8.25

பிரைஸ் இந்தத் தடவை வேணாம். கடைசியா ஒண்ணு. அம்மாவும் வர்றாங்க, 68 வயசு, முழங்கால் வலி. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் படியே நின்னு நின்னுதான் ஏறுவாங்க.

காசிங் நடையர் · 6 பிப்ரவரி, இரவு 9.40

வைட் டோம்ஸ் அம்மாவுக்கு வேண்டாம் தம்பி. தூரம் அல்ல, அந்த முதல் இறக்கத்தில் ஒரே உயரமில்லாத தாறுமாறான கற்படிதான் முழங்காலைப் பதம் பார்க்கும். பிடிக்கக் கம்பி கிடையாது.

அவர்களுக்கு மவுஸ்ஸ் டேங்க் பாதை பொருந்தும். போக வர முக்கால் மைல், பெரும்பாலும் சமதளம். மணல் என்பதால் மெதுவாகத்தான் நடக்கமுடியும், இரண்டு கையிலும் ஊன்றுகோல் கொடுங்கள். வழி நெடுக இருபுறப் பாறையிலும் பழங்குடிகள் கொத்திய சித்திரங்கள். பாறைமேல் படிந்த கறுப்புப் பூச்சைக் கல்லால் கொத்தி எடுத்து, உள்ளே இருக்கும் வெளிர்நிறத்தைக் கோடாக வெளிக்கொண்டுவந்தவை. முழுத் தூரமும் போகவேண்டியதில்லை. கால் அசந்த இடத்தில் திரும்பினாலும் நிறையப் பார்த்திருப்பார்கள். கொத்தோவியத்தைத் தொடவேண்டாம், கை எண்ணெய் அந்தப் பூச்சைக் கெடுக்கும்.

பட்டர்வொர்த் அக்கா · 7 பிப்ரவரி, காலை 6.55

நீங்க வைட் டோம்ஸ் நடக்கிற நேரத்துல அம்மா நிறுத்துமிடத்து நிழற்கூரையில உக்காரட்டும், ஒருத்தர் துணைக்கு இருக்கணும். வண்டிச் சாவி காத்திருக்கிறவங்ககிட்டதான் இருக்கணும், நடக்கிறவங்க பையில இல்லை. தண்ணி, மாத்திரை, குளிர்சாதனம் எல்லாம் வண்டியிலதானே. திரும்புற மணியையும் சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு மேல அரை மணி ஆயிடுச்சுன்னா, துணைக்கு இருக்கிறவங்க அம்மாவையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் பார்வையாளர் மையத்துக்குப் போய்ச் சொல்லணும், தேடிக்கிட்டு பாதைக்குள்ள இறங்கக் கூடாது.